நான் பாஸ் பண்ணிவிட்ட காதுகள்

1. முதல் நாள்

சிங்கப்பூருக்குப் பக்கத்துச் செனாய் ஊரில் ஒரு ஸ்டாம்பிங் பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மூன்று சாமான் கொடுத்தார்கள். ஒரு தொப்பி, ஒரு ஜோடி கையுறை, காதை அடைக்கக் கயிற்றில் கோத்த ஆரஞ்சு நிற இயர் பிளக் ஒரு ஜோடி. தொப்பியைத் தலையில் போட்டேன், கையுறையைக் கையில் போட்டேன். இயர் பிளக்கைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டேன். பிரஸ் செக்‌ஷனில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் போட்டிருந்தார்கள்.

என் பெயர் குணா. சாஆ என்ற ஊர்ப் பக்கத்துப் பையன். படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்பது இன்றுவரை தீராத வழக்கு. அதே நாளில் என்னோடு சேர்ந்தவன் சேவியர். பெக்கோக் தோட்டத்துக்காரன், என் வயதுதான். அவன் படிவம் நான்கு வரை படித்தவன். தகப்பனாருக்கு இடுப்பு விழுந்ததால் பாதியில் நின்றுவிட்டான். என்னைவிட ஒரு வருடம் கூடுதலாகப் படித்துவிட்டானே என்று அவனுக்கு ‘பட்டதாரி’ என்று பெயர் வைத்தேன்.

“வாங்க பட்டதாரி, தே ஓ குடிக்கலாமா?”

“உன் வாய்க்குத்தான் லா முதல்ல ஒரு பிளக் வாங்கணும்” என்பான்.

பிரஸ் செக்‌ஷன் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தகட்டுச் சுருள் ஒரு பக்கமாக உள்ளே போகும், நடுவில் பிரஸ் இடிக்கும், மறுபக்கம் ஏர்கான் உதிரிப் பாகம் விழும். கண் சிமிட்டும் நேரத்துக்கு ஒரு இடி. ஒரே கூரைக்குக் கீழே பதினான்கு பிரஸ். தரை நடுங்கும். சாப்பாட்டு நேரத்தில் மெஷினை நிறுத்தினாலும் காதுக்குள் ‘ங்ஙீ’ என்று ஒரு கொசு சுற்றிக்கொண்டே இருக்கும். முதல் வாரம் அது வீடு வரைக்கும் வந்தது. அப்புறம் பழகிவிட்டது. பழக்கம் என்றுதான் அப்போது நினைத்தோம்.

2. ஒற்றைக் காது ஆட்கள்

தகட்டை வெட்டி வளைக்கும் அச்சுக்கு டை என்று பெயர். டை கெட்டுப்போவதை முதலில் சொல்வது கண் இல்லை, காது. வெட்டிய துண்டு உள்ளே மாட்டிக்கொண்டாலோ, ஓரம் சிதைந்தாலோ இடியின் சத்தம் கொஞ்சம் கனக்கும். அதைக் கேட்டு உடனே மெஷினை நிறுத்துகிற ஆள்தான் நல்ல ஆப்பரேட்டர். நிறுத்தாவிட்டால் ஒரு கூடை பாகம் குப்பைக்குப் போகும், சில நேரம் டையே உடையும்.

இதனால் எங்கள் செக்‌ஷனில் ஒரு பழக்கம் இருந்தது. வலது காதில் பிளக், இடது காது திறந்திருக்க வேண்டும். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டவன் வேலை தெரியாதவன். பேக்டரிச் சட்டத்தில் இது கிடையாது, ஆனால் சட்டத்தைவிட உறுதியாக நின்றது. அதற்குக் காவல்காரன் நான். இரண்டு காதும் அடைத்தவனைக் கண்டால் பின்னால் போய் நின்று கும்பிடுவேன்.

“சாமி, தியானம் கலைஞ்சிருச்சா? கொஞ்சம் விபூதி கிடைக்குமா?”

எல்லாரும் சிரிப்பார்கள். சிரிப்பு அவனுக்குக் கேட்காது, ஆனால் பல் தெரியும் அல்லவா. மறுநாள் ஒரு பிளக் கழுத்துக்கு வந்துவிடும்.

சேவியருக்கு ஒருமுறை காதுவலி வந்தது. கிளினிக்கில் இரண்டு காதையும் அடைத்துத்தான் வேலை செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அவனும் இரண்டு நாள் அப்படியே செய்தான். மூன்றாம் நாள் நான் அவன் மெஷினுக்கு முன்னால் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்தேன். சிரித்துக்கொண்டே இடது பிளக்கைக் கழற்றினான்.

செக்‌ஷனிலேயே டை சத்தத்தை நன்றாகப் பிடிக்கிறவன் அவன்தான். நான்கு மெஷின் தள்ளி நின்றாலும், “எட்டாம் நம்பர் சரியில்ல, நிப்பாட்டு” என்பான். நிறுத்திப் பார்த்தால் அவன் சொன்னது சரியாக இருக்கும். நான்காம் வருடம் எனக்கு லைன் லீடர் வேலை கொடுத்தார்கள். படிப்பைப் பார்த்துக் கொடுக்கவில்லை. தமிழ், மலாய், கொஞ்சம் ஹொக்கியன் சீனம், கொஞ்சம் நேபாளி என்று எல்லாரையும் அவரவர் பாஷையில் கிண்டல் செய்யத் தெரிந்த ஒரே ஆள் நான். என் லைன் மாதா மாதம் டார்கெட் அடித்தது. அதற்கு என் வாய் பாதிக் காரணம் என்றால், சேவியரின் காது மீதி.

3. வேன்

வருடத்துக்கு ஒருமுறை காது டெஸ்ட் வேன் வரும். வேனுக்குள்ளே ஒரு சின்னக் கண்ணாடி அறை. ஆளை உள்ளே உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டன் கொடுப்பார்கள். வெளியே டெஸ்ட் செய்கிறவர் ‘பீப்’ அனுப்புவார். கேட்டால் அமுக்க வேண்டும். அவ்வளவுதான்.

வேனில் வருகிறவர் காஞ்சனா. குளுவாங் பக்கத்துத் தமிழ்ப் பெண். பெயர்ப் பட்டியலோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது லைன் லீடரான என் வேலை.

“சத்தம் கேட்டா மட்டும் அமுக்குங்கண்ணா. சின்னதா கேட்டாலும் அமுக்குங்க. கேக்கலன்னா சும்மா இருங்க.”

“மிஸ்ஸி, எனக்கு உங்க சத்தம் மட்டுந்தான் கேக்குது.”

“நான் நர்ஸ் மிஸ்ஸி இல்ல, டெக்னீஷியன். பெஞ்சுல போய் உக்காருங்க.”

அந்த பெஞ்சில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அங்கே உட்கார்ந்தால் காஞ்சனாவின் ஆள்காட்டி விரல் தெரியும். பீப் அனுப்பும்போது விரல் இறங்கும். கண்ணாடி அறைக்குள் இருப்பவனுக்கு அவர் விரல் தெரியாது, ஆனால் என் முகம் நேராகத் தெரியும்.

நான் லைன் லீடர் ஆவதற்கு முந்தைய வருடம் எங்கள் ஆள் ஒருவர் டெஸ்டில் தேறவில்லை. பிரஸ்ஸிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டுவிட்டார்கள். பிரஸ் அலவன்ஸ் போனது, ஓவர்டைம் போனது. பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டு நின்றார். அவரையும் நான் கிண்டல் செய்யாமல் விடவில்லை. அதிலிருந்து டெஸ்ட் என்றாலே எல்லாருக்கும் பயம்.

ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். விரல் இறங்கினால் நான் தொப்பியைத் தொடுவேன். உள்ளே இருப்பவன் பட்டனை அமுக்குவான். என் முறை வரும்போது தொப்பியைத் தொட பெஞ்சில் வேறொருவன் உட்காருவான். என் லைனில் பதினைந்து பேர். பதினைந்து பேரும் பாஸ். சாப்பாட்டுக் கண்டீனில் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பரீட்சை கூட ஒழுங்காக எழுதாதவன், ஒரே நாளில் பதினைந்து பேரைப் பாஸ் பண்ணிவிட்டேன் என்று நானும் மார் தட்டினேன்.

இப்படி மூன்று வருடம் போனது. மூன்றாம் வருடம் சேவியர் உள்ளே இருக்கும்போது காஞ்சனா திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“இவருக்கு இவ்ளோ நல்லா கேக்குதே. ஏழு வருஷமா பிரஸ்ல இருக்கிறவர் காது மாதிரியே இல்ல.”

“தினம் நல்லெண்ணெய் ஊத்துறான் மிஸ்ஸி.”

“எண்ணெயெல்லாம் ஊத்தாதீங்கண்ணா, காது கெட்டுப்போயிரும். டாக்டர்கிட்டதான் காட்டணும்.”

என்னைத் திரும்பிப் பார்த்துத்தான் சொன்னார். சொல்லும்போதே அவர் விரல் இறங்கியது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் தொப்பியைத் தொட முடியாது. இரண்டாம் முறை இறங்கியது. மூன்றாம் முறை, நான்காம் முறை. சேவியர் கண்ணாடிக்குள் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை அசையவே இல்லை. அவர் திரைப் பக்கம் திரும்பியதும் நான் தொப்பியைத் தொட்டேன். அவன் சட்டென்று அமுக்கினான்.

அன்றைக்கு எனக்கு ஒரு நிமிடம் என்னவோ செய்தது. அப்புறம் டீ பிரேக் மணி அடித்தது, மறந்துவிட்டேன். மறந்ததாக நடித்தேன் என்று எழுதுவதே சரி.

4. பட்டதாரி படிக்கப் போனான்

அடுத்த வருடம் எங்கள் மேனேஜர் மிஸ்டர் டான் எல்லாரையும் கூட்டி ஒரு செய்தி சொன்னார். அவர் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார், நான் தமிழில் எழுதுகிறேன்.

“புது ஆட்டோமேட்டிக் பிரஸ் வருது. மெஷின் வாங்க எனக்கு ஆறு மாசம் போதும். அதைப் பார்த்துக்கிற ஆளை எந்தக் கடையில வாங்குறது? நம்ம ஆளுங்க ரெண்டு பேரைக் கம்பெனி படிக்க வைக்கும். ஒரு வருஷக் கோர்ஸ். பாஸ் பண்ணா டை டெக்னீஷியன்.”

ஓர் இடம் ஒரு மலாய்க்காரப் பையனுக்கு. இன்னொன்று சேவியருக்கு. டை சத்தம் தெரிந்தவனை விட வேறு யாரை அனுப்புவார்கள்?

சேவியர் அதற்கு முன்னால் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. டெக்னீஷியன் ஆனால் இரவு ஷிப்ட் கிடையாது. கூடுதல் சம்பளத்துக்காகச் சிங்கப்பூரில் வேலை தேடி, விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலில் நிற்க வேண்டாம். கையில் ஒரு சான்றிதழ் இருக்கும், எந்தப் பேக்டரியிலும் மரியாதை. அவன் மகள் மெர்லின் அந்த வருடம்தான் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்தாள். அப்பாவும் மகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று அவன் மனைவி ரீத்தா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஒரே மாதிரி அட்டை போட்ட நோட்டுப் புத்தகமாம்.

இரண்டு மாதத்தில் சிரிப்பு குறைந்தது. முதல் தியரிப் பரீட்சை போனது. இரண்டாவதும் போனது. ஒருநாள் கண்டீனில் சேவியர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினான்.

“வாத்தியார் போர்டைப் பாத்துகிட்டே பேசுறாருடா. போர்டுல எழுதுனா காப்பி பண்ணிடுறேன். வாயால சொன்னா ஒண்ணும் பிடிபடல. கிளாசுல எல்லாரும் சிரிச்சா நானும் சிரிக்கிறேன். எதுக்குச் சிரிக்கிறோம்னு தெரியல.”

“அவர் மெதுவா பேசுறாரா?”

“பேசுறது கேக்குது மச்சான். என்ன சொல்றார்னுதான் புரியல. எனக்கு மண்டை அவ்ளோதான் போல.”

கண்ணாடிக்குள் அவன் உட்கார்ந்திருந்தது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது. சத்தியமாக வந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

“நம்ம மண்டையெல்லாம் மைல்ட் ஸ்டீல் லா பட்டதாரி. படிப்பு ஏறாது, துருதான் ஏறும்.”

அவன் சிரித்தான். ஆனால் அதன் பிறகு நோட்டுப் புத்தகத்தைக் கண்டீனுக்குக் கொண்டுவரவில்லை.

5. பத்து வினாடி

ஐந்தாம் மாதம் மிஸ்டர் டான் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு கடிதம், பக்கத்தில் சேவியரின் பைல்.

“டிரெய்னிங் சென்டர்ல இருந்து எழுதியிருக்காங்க. இந்த ஆளுக்குக் காது கேக்கலையோன்னு சந்தேகமாம். காது டாக்டரைப் பார்க்கச் சொல்றாங்க.”

பைலைத் திறந்து என் பக்கம் திருப்பினார். வருடத்துக்கு ஒரு சார்ட். “நார்மல், நார்மல், நார்மல். பிரஸ்ல இருக்கிற எல்லாரையும்விட நல்ல காது இவனுக்கு. அப்ப என்ன பிரச்சினை? நீ அவன் பிரண்டு, சொல்லு.”

வாசிக்கிற தம்பிமார்களுக்கு அந்த இடத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். யாரும் என்னை மிரட்டவில்லை. கதவு திறந்திருந்தது, ஏர்கான் ஓடியது, அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். “பாஸ், அந்த சார்ட் பொய், நான்தான் செய்தேன்” என்று சொன்னால் போதும். சொன்னால் பதினைந்து பேர் காதும் வெளியே வரும், என் லைன் லீடர் வேலை போகும். ஒரு பத்து வினாடி யோசித்திருப்பேன்.

“காதுக்கு என்னா பாஸ்? நாலு மெஷின் தள்ளி டை சத்தம் கேக்கிறவன். தோட்டத்துப் பள்ளிக்கூடம், இங்கிலீஷ் வீக், அவ்ளோதான்.”

மிஸ்டர் டான் தலையாட்டினார். “அப்ப படிப்புதான் பிரச்சினை” என்று சொல்லி பைலில் ஒரு வரி எழுதினார். அடுத்த மாதம் சேவியரைக் கோர்ஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த இடத்துக்கு வேறு யாரும் போகவில்லை. வருடத்தின் நடுவில் ஆள் சேர்க்க மாட்டார்களாம்.

அவன் திரும்ப பிரஸ்ஸுக்கு வந்தான். கிண்டல் செய்தால் பதிலுக்கு ஒன்றும் சொல்லமாட்டான். நான்கு மாதம் நின்றுவிட்டு வேலையை விட்டான். இப்போது பெக்கோக்கில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான்.

புது மெஷின் வந்தது. இருந்த ஒரே டெக்னீஷியன், அந்த மலாய்க்காரப் பையன், ஒரு ஷிப்ட்தான் பார்க்க முடியும். மற்ற ஷிப்டில் டை மாட்டிக்கொண்டால் கான்ட்ராக்ட் ஆள் வரும்வரை மெஷின் சும்மா நிற்கும். சில நேரம் இரண்டு நாள் நின்றது. அடுத்த வருடம் வருவதாக இருந்த இரண்டாவது லைனை முதலாளிகள் வேறு நாட்டுப் பேக்டரிக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த லைன் வந்திருந்தால் இருபது பேருக்காவது வேலை. நாடு எப்படி முன்னேறும் என்று டிவியில் கோட் போட்டவர்கள் பேசும்போது எனக்குப் பாதி புரியாது. ஆனால் ஒரு லைன் எப்படி வராமல் போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் ஒருவன் காது போகும். பிறகு அவன் படிப்பு போகும். மெஷின் அதற்கப்புறம்தான் நிற்கும்.

6. நாற்காலி திரும்பியது

சேவியர் போன பிறகு வந்த டெஸ்டில் காஞ்சனா ஒரே ஒரு மாற்றம் செய்தார். கண்ணாடி அறைக்குள் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார். உள்ளே இருப்பவனின் முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. தொப்பியை எவ்வளவு தொட்டும் பிரயோஜனம் இல்லை.

என் லைனில் பதினோரு பேர் தேறவில்லை. பதினோராவது ஆள் நான்.

காஞ்சனா கத்தவில்லை. பேப்பர்களை வரிசையாக அடுக்கினார்.

“ஒரே வருஷத்துல இத்தனை பேருக்குக் காது போகாதுண்ணா. அப்ப இத்தனை வருஷமா நான் யார் காதை டெஸ்ட் பண்ணேன்?”

அவர் சார்ட்டை என் முன்னால் வைத்து, மெல்லிய கீச்சுச் சத்தங்களைக் காட்டும் வலது கோடியில் கோடு எங்கே விழுகிறது என்று காட்டினார்.

“இந்தப் பக்கம் போச்சுன்னா இடி சத்தம் கேக்கும், பேச்சு சத்தமும் கேக்கும். ஆனா என்ன பேசுறாங்கன்னு புரியாது. வாயில துணி வச்சு பேசுற மாதிரி இருக்கும். ஆரம்பத்துலயே தெரிஞ்சா முழுசா போகாம காப்பாத்தலாம். கருவி வைக்கலாம். கிளாசுல முன்னாடி உக்கார வைக்கலாம்.”

கிளாஸ் என்று அவர் ஏன் சொன்னார் என்று தெரியாது. பொதுவாகச் சொன்னதுதான்.

அன்றே மிஸ்டர் டானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லைன் லீடர் வேலை போனது, பேக்கிங்குக்கு மாற்றினார்கள். நியாயம்தான். சேவியருக்குத் திரும்ப இடம் கிடைக்குமா என்று கேட்டேன். அவர் பைலை மூடினார்.

“அந்த ஸ்கீமே முடிஞ்சு போச்சு குணா. இப்ப ஹெட் ஆபீஸ்ல கேட்டா, முன்னாடி அனுப்பின ஆள் என்ன ஆனான்னு கேப்பாங்க.”

புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் இப்போது சொல்வது இதுதான். கேட்டால் அமுக்கு, கேட்காவிட்டால் சும்மா இரு. தேறாமல் போவது அவமானம் இல்லை, ஆரம்பத்தில் தேறாமல் போவது அதிர்ஷ்டம். இரண்டு காதையும் அடை. எவனாவது கிண்டல் செய்தால், முன்பு இங்கே குணா என்று ஒருவன் அப்படித்தான் செய்தான், அவனைப் போய்ப் பார் என்று பேக்கிங்குக்கு அனுப்பு.

7. பெக்கோக்

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து சேவியர் வீட்டார் திரும்பி வந்திருப்பார்கள் என்று கணக்குப் பண்ணிப் போனேன். ரீத்தா குடிக்கத் தேத்தண்ணீர் கலக்கிக் கொடுத்தாள். மெர்லின் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். சேவியர் தூரத்தில் டிவி பக்கம் உட்கார்ந்திருந்தான், சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

“பிள்ளைகூட உக்காரலையா?” என்று கேட்டேன்.

“எங்க உக்கார்றாரு” என்றாள் ரீத்தா. “அப்பாவுக்குப் படிப்பு வராது, அம்மாகிட்ட கேளுன்னுடுறாரு. கோர்ஸ் நின்னதுல இருந்து இப்படித்தான்.”

டிவியை அணைத்தேன். அவனுக்கு எதிரில் உட்கார்ந்து, என் வாய் அவனுக்குத் தெரிகிற மாதிரி, தொப்பியிலிருந்து மிஸ்டர் டான் அறை வரை எல்லாவற்றையும் சொன்னேன். கிண்டல் இல்லாமல் இவ்வளவு நேரம் நான் பேசியது அதுதான் முதல் தடவை. ரீத்தாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

“உனக்கு எல்லாமே விளையாட்டுதானா?” என்றாள். “ராத்திரியெல்லாம் அழுதாரு, தெரியுமா உனக்கு? மாதாவே ஏன் எனக்கு மூளை குடுக்கலன்னு.”

சேவியர் அவளைக் கையமர்த்தினான். அவன் என்னை அடிப்பான் என்றுதான் எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப நான் மக்கு இல்லியா?” என்று கேட்டான்.

“இல்லடா.”

“காதுதானா?”

“காதுதான். அதையும் கெடுத்தது நான்தான்.”

அவன் மகளைக் கூப்பிட்டான். “மெர்லின், இங்க வா. அங்கிள் சொல்றதைக் கேளு. டேய், இவகிட்ட சொல்லு.”

ஏழு எட்டு வயதுப் பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? “உங்க அப்பா ரொம்ப கெட்டிக்காரர்மா. வாத்தியார் சொன்னது அப்பாவுக்குக் கேக்கல, அதான். தப்பு அங்கிளுடையது” என்றேன்.

மெர்லின் பென்சிலைக் கையில் பிடித்தபடி என்னையும் அவள் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெல்லிய குரலில் கேட்டாள்.

“அப்படின்னா அப்பா திரும்ப ஸ்கூலுக்குப் போகலாமா?”

ரீத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சேவியர் புன்னகையோடு என் பக்கம் திரும்பினான்.

“என்ன கேக்கிறா?”

அவன் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, அந்தக் கேள்வியை நான் சத்தமாகத் திரும்பச் சொன்னேன்.